பதியாத மூன்று விருந்தாளிகள்

“ஹலோ... ஹலோ, பேர்ணடெற் அக்காவோ?... நான் ஹியூபேட்... ஒபீஸ் ஹியூபேட் அக்கா, வேற எந்த ஹியூபேட்... ஓம்... ஓம், ஓம், சனிக்கிழமைதான், தெரியும்... இல்லை, ரிப்போர்ட்டைப் பற்றி இல்லை... அதாவது, ரிப்போர்ட்டைப் பற்றித்தான். ஆனா நான் பொலிஸில இருந்து கதைக்கிறன்.”

ஹியூபேட் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தொலைபேசியின் சுருள் வயர் குட்டை. ஆகவே அதிகாரியின் மேசைமேல் பாதி குனிந்தபடி, கும்பிடு போடுகிறவனைப் போல நின்றுதான் பேச வேண்டியிருந்தது. மேசையில் அவனுடைய லப்டொப், கைத்தொலைபேசி, தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி மூன்றும் கிடந்தன. கொப்பி மட்டும் திறந்திருந்தது.

“இல்லை, இல்லை, அடிக்கேல்ல... பிளேன்ரீ கூடத் தந்தவை... ஓம், விடியப்புறம் வெள்ளவத்தையில செக்கிங். எங்கட ஒழுங்கை முழுக்க... அடையாள அட்டை இருக்கு. பதிவுப் பத்திரமும் இருக்கு. டோரின் அன்ரி வாசலில நிண்டு என்னைப் பற்றி நல்லாச் சொன்னவ. இவனைப் பார்க்க ஒருத்தரும் வாறதில்லை, இவனும் ஒரு இடமும் போறதில்லை எண்டு... ஓம் அக்கா, உண்மைதான். சிரிக்காதேங்கோ... பிழை என்ர கொப்பியில.”

அது 2007ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஹியூபேட்டுக்கு முப்பத்திநாலு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். நான்கு வருடமாக வெள்ளவத்தையில் டோரின் அன்ரி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. பேர்ணடெற் அக்கா அந்தப் பிரிவுக்குத் தலைவி. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டும். பதியாத விருந்தாளி ஒருவர் ஒரு இரவு படுத்தெழும்பினாலும் வீட்டுக்காரருக்குத் தொல்லை. டோரின் அன்ரியின் பத்திரத்தில் பின்னறைக்கு எதிரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

ஹியூபேட்டின் கொப்பியில் நான்கு பெயர்கள் இருந்தன.

“ஓம், அந்தக் கொப்பிதான் அக்கா. ஒண்டுக்குள்ள மூண்டு ஓட்டிப் பார்த்த கொப்பி... முதல் பக்கத்தில என்ன எழுதியிருக்கிறன் தெரியுமோ? வீட்டுக்காரி மாக்ரெட். விருந்தாளிகள் மூண்டு பேர். பற்றிக், றோஸி, மீரா சாஹிப்... எல்லாம் இங்கிலிஷில, கொட்டை எழுத்தில, அடியில கோடும் அடிச்சு... பிறகு நான் என்ன பேர் வைக்கிறது? அவையின்ர மெசின்களைத்தானே உள்ளுக்குக் கொண்டு வரப்போறம். அதுதான் ஆளின்ர பேரையே வைச்சன்... மாக்ரெட் இந்த லப்டொப். அம்மாவின்ர பேர்... ஐயோ அக்கா, அதுக்கும் சிரிக்கிறீங்களே!”

மூன்று வாரத்துக்கு முன் மனேஜர் கொடுத்த வேலை அது. கிளியரிங் பற்றிக், ரைப்பிஸ்ட் றோஸி, கொன்டெயினர் பகுதி மீரா சாஹிப் ஆகிய மூவருடைய பழைய கணினிகளும் சாகக் கிடந்தன. மூன்றையும், லினக்ஸ் ஓடும் ஒரு புதுக் கணினிக்குள் மூன்று தனித்தனிக் கணினிகளாகக் குடியேற்ற முடியுமா, அதற்கு இருக்கிற ஸென், விஎம்வெயார், கியூ-எமு என்ற மென்பொருள்களில் எது நல்லது என்று ஒப்பிட்டு, மார்க் போட்டுத் திங்கட்கிழமை அறிக்கை தரச் சொன்னார். வெளியே இருக்கிற கணினியை வீட்டுக்காரர் என்றும் உள்ளே ஓடுகிறவற்றை விருந்தாளிகள் என்றும் அழைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அது தொழில் தெரிந்தவர்களுக்கு. அன்று விடிகாலை அவன் அறைக்கு வந்தவர்கள் வேறு தொழில் செய்பவர்கள்.

“பேர் மட்டும் எண்டால் பரவாயில்லையே... அடுத்த பக்கம். பற்றிக், பின்னேரம் நாலு பத்துக்குக் கொல்லப்பட்டான்... ஓம். நான்தான் கொன்டது. கொமாண்ட் அப்பிடித்தானே அக்கா, கில் எண்டுதானே அடிக்கிறது, வேற என்னத்தை எழுத... அதுக்குக் கீழ, றோஸி வெளியில போக ஏலாமல் இருக்கிறாள், பாலம் உடைஞ்சு போச்சு... ஓம், நெட்வேர்க் பாலம். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்... மீரா சாஹிப்பை வேற வீட்டுக்கு மாத்தினது, ஆள் இன்னும் போய்ச் சேரேல்ல... ஓம். ஓம் அக்கா. நான் படிச்ச மடையன்தான். இதை வாசிச்சால் என்னை நானே பிடிச்சுக் குடுப்பன்.”

எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி பேனாவால் கொப்பியில் ஒரு வரியைத் தட்டினார். நரைக்கத் தொடங்கிய மீசை, தூக்கமில்லாத கண்கள். காலையிலிருந்து அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: பற்றிக்கின் உடல் எங்கே?

“ஓவ் சேர்... பொட்டக் இன்ன சேர்... கொஞ்சம் பொறுக்கச் சொன்னன் அக்கா, பற்றிக் உயிரோட இருக்கிறார் எண்டு இவருக்கு ஒருக்காச் சிங்களத்தில சொல்லுங்கோ. நேற்றுப் பின்னேரமும் என்னட்டப் பனடோல் கேட்டவர். நான் சொன்னால் நம்புறாரில்லை... நானும் சிங்களத்தில சொன்னனான்தான். கொம்பியூட்டருக்குள்ள இன்னொரு கொம்பியூட்டர் இருக்கு எண்டு சொன்னன். அவர் லப்டொப்பைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தவர்... ஓம், குடுக்கிறன், குடுக்கிறன்.”

அதிகாரி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். பேர்ணடெற் அக்காவின் சிங்களம் கொட்டாஞ்சேனைச் சந்தையில் தேறியது. எந்த அரசாங்கக் கந்தோரிலும் செல்லும். அதிகாரி நெடுநேரம் கேட்டார். இடையில் ஒருமுறை ஹியூபேட்டை மேலும் கீழும் பார்த்தார். இன்னொருமுறை மீசைக்குள் சிரித்த மாதிரியும் இருந்தது. பிறகு லப்டொப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு, ரிசீவரையும் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்: காட்டு.

“ஹலோ... என்ன அக்கா சொன்னீங்கள், இவர் அப்பிடிப் பார்க்கிறார்?... நான் பயந்தவன் எண்டோ? அது சரி... காட்டச் சொல்லுறார் அக்கா. விருந்தாளியை எழுப்பிக் காட்டட்டாம்... சார்ஜர் வீட்டில. அவசரத்தில சேர்ட் பட்டனைக்கூட மாறிப் போட்டிட்டு வந்தனான்... இருங்கோ, திறக்கிறன்... பற்றரி முப்பத்தியொண்டு வீதம்... சரி. ஸென்னில எழுப்பிக் காட்டுறன். எங்கட ரிப்போர்ட்டில பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கினது ஸென்தானே.”

அவன் லப்டொப்பை நிறுத்தி, ஸென் ஏறும் விதத்தில் மறுபடி எழுப்பினான். எழுத்துகள் வெள்ளை வெள்ளையாக ஓடின. அதிகாரி கதிரையை முன்னே இழுத்தார். பிறகு திரை ஒரேயடியாகக் கறுத்துப் போனது. சின்னக் கோடுகூட மின்னவில்லை. அதிகாரி எழுந்து நின்றார்.

“நே சேர்! மெக்குவே நே சேர்! ஒண்டுமே... நே, நே... அக்கா, ஸ்கிரீன் கறுத்துப் போச்சு. நான் எல்லாத்தையும் அழிச்சிட்டன் எண்டு நினைக்கிறார்... இல்லை, நான் அழிக்கேல்ல... ஓம், இந்த லப்டொப்பில ஸென் ஏத்தினால் ஸ்கிரீன் வராது... தெரியும்... முதலே தெரியும்தான். செற்றிங்கில நான் எங்கையோ பிழை விட்டிட்டன், மூண்டு கிழமையாத் தேடுறன்... ஏன் திரும்பவும் அதைப் போட்டதோ? இண்டைக்காவது வரும் எண்டு நினைச்சன் அக்கா. பொலிஸுக்கு முன்னால எண்டால் பயந்தாவது வரும் எண்டு.”

மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடியும் எழுப்பினான். பழைய திரை வந்ததும் அதிகாரி உட்கார்ந்தார், ஆனால் இந்த முறை லப்டொப்பின் மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

“வந்திட்டுது, வந்திட்டுது... இருபத்திநாலு வீதம்... இப்ப விஎம்வெயார். அது கட்டாயம் ஓடும், போன கிழமை ஓடினதைக் கண்ணால கண்டனான்... அடிச்சிட்டன்... ஆ... மாட்டன் எண்டுது. அதின்ர துண்டைத் திரும்பக் கட்ட வேணுமாம்... ஓம், வெள்ளிக்கிழமை நான் அப்டேட் பண்ணினனான். அதால கேர்...”

அவன் கேர்னல் என்ற சொல்லை, கேணல் என்று கேட்டுவிடும் என்று, பாதியில் விழுங்கினான். அதிகாரியின் பேனா நின்றது.

“அந்தச் சொல்லை இங்க சொல்ல ஏலாது அக்கா... அதுதான், லினக்ஸின்ர நடுப்பகுதி. அதை மாத்தினனான். அது பதவிப் பேர் மாதிரிக் கேக்கும், நீங்களும் சிங்களத்தில சொல்லிப்போடாதேங்கோ... ஓம், மாத்தினால் விஎம்வெயாரைத் திரும்பக் கட்ட வேணும் எண்டு தெரியும். கட்டுறதுக்கு இன்டர்நெட் வேணும். இங்க அந்த வசதி இருக்கோ எண்டு கேக்கிற நிலைமையில நான் இல்லை... இல்லை அக்கா, இப்ப புதுசா வந்த மற்ற வழியும் சரிவராது, அதுக்குப் புரோசசரில ஒரு வசதி வேணும், இது பழைய லப்டொப்... இருபத்தியொண்டு.”

மறுமுனையில் பேர்ணடெற் அக்கா ஏதோ ஒன்றை நிதானமாகக் கேட்டிருக்க வேண்டும். ஹியூபேட்டின் காது மடல் சிவந்தது.

“...என்ன கேக்கிறீங்கள் எண்டு விளங்குது... இந்த மெசினில உண்மையில ஓடினது எது எண்டோ... அக்கா, அதைத் திங்கட்கிழமை... சரி. சரி, சொல்லுறன். ஸென் ஒருநாளும் ஓடேல்ல. ஒன்பது மார்க் இன்டர்நெட்டில வாசிச்சுப் போட்டது. ஆரோ ஒரு ஆள் பெரிய சேர்வர் வைச்சுச் செய்து பார்த்து எழுதினதை அப்பிடியே எடுத்து, கட்டம் கீறி, கலரும் அடிச்சன்... விஎம்வெயார் ரெண்டு தரம் ஓடினது... கியூ-எமு...”

அவன் அதிகாரியைப் பார்த்தான். அவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் ஒருவன் பாவமன்னிப்புக் கேட்கிறான் என்பது எந்த மொழியிலும் விளங்கும். அவர் மரியாதையாக யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கியூ-எமு ஒவ்வொரு தரமும் ஓடினது. ஒருக்காவும் விழேல்ல. நீங்கள் சொன்னனீங்கள். கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள், மெதுவா எண்டாலும் எழும்பும் எண்டு. நான்தான் அதை மாட்டு வண்டி எண்டு சொல்லி, றோஸியையும் சிரிக்க வைச்சு, ரெண்டு மார்க் போட்டன்... ஓம், அந்த ரெண்டும் இரக்கத்தில போட்டது... மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. இப்ப அந்த மாட்டு வண்டியை எப்பிடிப் பூட்டுறது? கொமாண்ட் மறந்து போச்சு... ம்... ம்... இடைவெளி... றோஸி, பிறகு புள்ளி... மெமரி அறுபத்திநாலு... சரி. அடிச்சிட்டன்.”

திரையின் நடுவில் சின்னக் கறுப்புச் சாளரம் ஒன்று திறந்தது. கணினிக்குள் இருந்த கணினி, அன்றுதான் கடையில் வாங்கி வந்ததுபோல, தன் நினைவகத்தை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது. அதிகாரி மறுபடி முன்னே சாய்ந்தார். வாசலில் நின்ற கொன்ஸ்டபிளும் எட்டிப் பார்த்தார்.

“எழும்புது அக்கா... மெதுவாத்தான்... ஒரு வரி வந்திட்டுது... அடுத்த வரிக்கு யோசிக்குது... வைக்காதேங்கோ, லைனில இருங்கோ... பதினெட்டு வீதம்.”

மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு நீள வாங்கு. அதன் இந்தப் பக்க நுனியில், கையெட்டும் தூரத்தில், ஐம்பது தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மற்றக் கண்ணால் அவரும் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொன்ஸ்டபிள் திரும்பிய நேரத்தில் அவர் குனிந்து, உதடு அசையாமல் தன் கதையைச் சொன்னார். பெயர் சவுந்தரநாயகம். வவுனியாவிலிருந்து கண் ஒப்பரேஷனுக்கு வந்து லொட்ஜில் தங்கியிருந்தாராம். விடிய நாலரைக்கு ஏற்றி வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் ஜிந்துப்பிட்டியில் இருக்கும் தங்கையிடம் இருந்தது. தங்கையின் பெயரையும் விலாசத்தையும் சொன்னார்; அங்கே தொலைபேசி இல்லை. பன்னிரண்டு மணிக்கு அவரையும் இன்னும் சிலரையும் பஸ்ஸில் ஏற்றப் போகிறார்களாம். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

ஹியூபேட் தலையை மட்டும் ஆட்டினான். இப்போது பேசினால், பாதி எழும்பிய றோஸியோடு தானும் விழுந்துவிடுவேனோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. சுவர் மணிக்கூட்டில் பத்தே முக்கால்.

“...ஓம், லைனில இருக்கிறன்... இல்லை, ஒண்டுமில்லை... பதினொரு வீதம்... ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்குது... அக்கா, இவ்வளவு நேரமா ஒரு மெசின் எழும்புறதை நான் வாழ்க்கையில பார்த்துக்கொண்டிருந்ததில்லை. கொட்டாவி விட்டு, சோம்பல் முறிச்சு, பல்லு விளக்கி... எட்டு... வாறாள்... வாறாள் அக்கா... வந்திட்டாள்!”

சாளரத்தின் அடியில் றோஸி என்ற பெயரும், உள்ளே வர அனுமதி கேட்கும் சொல்லும், துடிக்கும் ஒரு சின்னக் கோடும் நின்றன. ஹியூபேட் கொப்பியிலிருந்த பெயரையும் திரையிலிருந்த பெயரையும் மாறி மாறி விரலால் காட்டினான்.

“மே தமய் சேர் றோஸி... ஓவ் சேர். மனுஸ்ஸயெக் நெமேய்... இதுதான் றோஸி, மனிசர் இல்லை எண்டு சொன்னன் அக்கா... நே சேர், நே... பற்றிக்கையும் எழுப்பட்டாம், பற்றரி இல்லை... ஓவ் சேர்... அக்கா, பார்த்திட்டார். கேக்கிறார், இவ்வளவு மெதுவான ஒண்டுக்கா மூண்டு கிழமை சம்பளம் எடுத்தனி எண்டு... இல்லை, கோவமில்லை. சிரிக்கிறார்.”

அதிகாரி தன் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியைக் குறுக்கே வெட்டிச் சின்னக் கையெழுத்துப் போட்டார். லப்டொப்பும் கைத்தொலைபேசியும் திங்கள் வரை இங்கேயே இருக்கும். மேலதிகாரி இரண்டு மணிக்கு வந்து ஒப்பமிட்ட பிறகு நீ போகலாம் என்றார். வெளியே ஒரு வாகனம் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“சரி வந்திட்டுது அக்கா... விட்டிடுவினம். ரெண்டு மணிக்கு... ஓம், உங்களாலதான்... வைக்கவோ? ஓம், வைக்கலாம்...”

அவன் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு விரற்கடை எடுத்தான். யாரும் தன்னைப் பார்க்க வருவதில்லை, தானும் எங்கேயும் போவதில்லை என்ற ஒரே காரணத்தால் அன்று தப்பியவன் அவன். முன்பின் தெரியாத ஒருவருடைய பெயரை அந்தத் தொலைபேசியில் சொல்வது எவ்வளவு முட்டாள்தனம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாசலில் அதிகாரியின் முதுகு தெரிந்தது. வாங்கிலிருந்தவர் அவனைக் கெஞ்சவில்லை, பார்க்கவும் இல்லை.

“அக்கா! வைக்காதேங்கோ. கேளுங்கோ, கெதியாச் சொல்லுறன்... உங்கட வீட்டில இருந்து ஜிந்துப்பிட்டிக்கு நடந்து போகலாம் என்ன?... ஓம். முருகன் கோயிலுக்குப் பின்னால ஒழுங்கை. தையல் கடைக்கு மேல் மாடி. அருள்நாயகி எண்டு ஒரு ஆள்... அருள்நாயகி. அவவின்ர அண்ணன் சவுந்தரநாயகம் இங்க இருக்கிறார். கண் ஆஸ்பத்திரிக் கடிதம் அவவிட்ட இருக்கு. அதை எடுத்துக்கொண்டு பன்னிரண்டுக்கு முதல் இங்க வரட்டும்... பன்னிரண்டுக்குப் பிறகு வந்தால் ஆளில்லை... தெரியாது அக்கா, எங்க கொண்டு போறாங்கள் எண்டு ஆருக்கும் தெரியாது... எனக்கு ஆரோ? ஒருத்தருமில்லை. பக்கத்தில இருக்கிறவர்... ஓம், பயம்தான்... அக்கா, எனக்குக் காட்டுறதுக்கு ஒரு மெசினாவது இருந்தது. இவருக்குக் காட்ட ஒண்டுமில்லை.”

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை மூடும் சத்தமும் சாவிக்கொத்தின் சத்தமும் கேட்டன. ஹியூபேட்டுக்கு மனது பொங்கி வந்தது. இப்படியான நேரங்களில் அவனுக்கு வாய் நிற்காது.

“அக்கா, திங்கட்கிழமை முதல் வேலையா அந்தக் கட்டத்தை நான் கிழிக்கிறன். எது எழும்புதோ அதுக்குத்தான் மார்க். கீழ உங்கட பேரைப் போட்டு, நான் சொன்னதெல்லாம் பிழை எண்டு எழுதி, மனேஜருக்கு முன்னால நானே வாசிச்சு... ஹலோ?... அக்கா?... ஹலோ?”

லைன் செத்துப் போயிருந்தது. அவன் தன் பாவங்களை எண்ணி முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

ஹியூபேட் ரிசீவரை மெல்ல வைத்தான். பதினொன்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வாங்கிலிருந்தவருக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே எல்லாரும் பார்க்க, நெருங்கி உட்கார்ந்தான்.

“உங்கட தங்கச்சியிட்டப் போக அக்கா வெளிக்கிட்டிட்டா ஐயா” என்றான்.